பகலுக்குள் சோறு விறைத்துப் போவது ஏன்? அரிசியின் மாப்பொருளும் ஒரு மரபணுவும்

கந்தப்பளைத் தம்பி

எல்லோருக்கும் வணக்கம். வயல் செய்கிறவர்கள், மில்காரர்கள், உயிரியல் படிப்பிக்கிறவர்கள் எல்லோரும் இங்கே இருப்பதால் கேட்கிறேன்.

தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்யும் அம்மாவுக்குத் தூர மலையில் கொழுந்து பறிப்பது என்றால் பகலுக்கு லயத்து வீட்டுக்கு வந்து திரும்ப நேரம் இருக்காது. விடியற்காலை ஆக்கிய சோற்றைப் பெட்டியில் போட்டுக்கொண்டு போவார். பன்னிரண்டு மணிக்குத் திறந்தால் ஒவ்வொரு பருக்கையும் தனித்தனியாக விறைத்து நிற்கும். கறியை ஊற்றிப் பிசைந்தாலும் மசியாது. பல்லும் சரியில்லாதவர், பாதியைக் கொட்டிவிட்டு வெறும் தேத்தண்ணியோடு பின்நேரம் வரைக்கும் நிற்கிறார். அது கடையில் வாங்குகிற நாட்டரிசி. வலப்பனைப் பக்கம் இருக்கிற சித்தி கொடுத்தனுப்பும் அரிசியை அதே பானையில் அதே மாதிரி ஆக்கினால் பகலிலும் மெதுவாகத்தான் இருக்கிறது.

கம்பஸில் படிக்கும் நண்பன் ஒருவன், "அது ஒரே ஒரு மரபணு செய்கிற வேலை" என்கிறான். அம்மாவோ, குளிரில் விளைந்த நெல் என்பதால் மெது என்கிறார். எது சரி? இதற்கு ஏதாவது செய்ய முடியுமா?

டிக்கோயா டீச்சர்

தம்பி, நண்பர் சொன்னதில் பெரும்பகுதி சரி. ஆனால் மரபணுவோடு கதை முடியாது. முதலில் மரபணுவைச் சொல்கிறேன்.

தீட்டிய அரிசியின் உலர் எடையில் ஏறத்தாழ 90 சதவீதம் மாப்பொருள். அந்த மாப்பொருளில் இரண்டு வகை. அமைலோபெக்டின் என்பது கிளை கிளையாகப் பிரிந்த மிகப் பெரிய மூலக்கூறு. அமைலோஸ் பெரும்பாலும் கிளை இல்லாத நீளச் சங்கிலி. இரண்டுமே குளுக்கோஸால் ஆனவைதான், அடுக்கிய விதம் வேறு. அமைலோஸ் சங்கிலியை நீட்டுகிற நொதியம் ஒன்று மாப்பொருள் மணியோடு ஒட்டியே இருந்து வேலை செய்கிறது. அந்த நொதியத்துக்கான செய்தி நெல்லின் 12 சோடி நிறமூர்த்தங்களில் 6ஆவதில் உள்ள வாக்ஸி மரபணுவில் இருக்கிறது. இந்த மரபணு சுறுசுறுப்பாக இருந்தால் அமைலோஸ் கூடும், மந்தமாக இருந்தால் குறையும், வேலையே செய்யாவிட்டால் அரிசி முழுவதும் அமைலோபெக்டின்தான். அப்படிப்பட்ட அரிசியைத்தான் தாய்லாந்து, லாவோஸ் பக்கம் அவித்துக் கையால் உருட்டிச் சாப்பிடுகிறார்கள்.

அரிசி வேகும்போது மாப்பொருள் மணிகள் தண்ணீரைக் குடித்து வீங்கும், அமைலோஸ் வெளியே கசியும். சோறு ஆறும்போது அந்த நேரான சங்கிலிகள் ஒன்றோடொன்று நெருங்கி, பக்கம் பக்கமாக ஒட்டி, இடையில் இருந்த தண்ணீரைத் தள்ளிவிட்டு இறுகும். அம்மாவின் பெட்டிக்குள் நடப்பது இதுதான். அமைலோஸ் சில மணி நேரத்திலேயே இறுகிவிடும். கிளை விட்ட அமைலோபெக்டின் இறுக நாட்கணக்காகும், அதுவும் குளிரில் விரைவுபடும். கந்தப்பளையில் காலையில் அடிக்கிற குளிருக்கு எதுவுமே ஆறாமல் இருக்காது என்பது உங்களுக்கே தெரியும்.

அளவு என்று பார்த்தால், அமைலோஸ் 25 சதவீதத்துக்கு மேல் இருக்கிற அரிசியை உயர்ந்த வகை என்பார்கள். 20 முதல் 25 வரை நடுத்தரம், பாஸ்மதி அதில் வரும். அதற்குக் கீழே குறைந்த வகை, தாய்லாந்தின் மல்லிகை அரிசி அந்த இனம். நம் நாட்டு நெல்லில் பெரும்பாலானது 25க்கு மேல். அதனால் நம் சோறு உதிரியாக வரும், இடியப்ப மா நூலாகப் பிழிய வரும், பால்சோற்றை ஆறவிட்டுத் துண்டு துண்டாக வெட்ட முடியும். பகல் பெட்டியில் விறைப்பதும் அதே குணம்தான்.

தலவாக்கலை உயர்தரம்

டீச்சர், ஒரு சந்தேகம். அமைலோஸ் கூடுவதும் குறைவதும் வாக்ஸி மரபணுவின் முதல் இன்ட்ரோனில் உள்ள ஒரே எழுத்து மாற்றத்தால் என்று வாசித்தேன். இன்ட்ரோன் என்பது மரபணுவின் நகலிலிருந்து எப்படியும் வெட்டி எறியப்படுகிற பகுதிதானே? அங்கே எழுத்து மாறினால் நொதியத்துக்கு என்ன ஆகும்?

டிக்கோயா டீச்சர்

நல்ல கேள்வி. வெட்டுகிற இயந்திரம் எங்கே வெட்ட வேண்டும் என்று அறிவது இன்ட்ரோன் தொடங்கும் இடத்தில் உள்ள எழுத்துக்களை வைத்துத்தான். வழக்கமாக அது ஜீ, டீ என்ற டிஎன்ஏ எழுத்துக்களில் தொடங்கும். உயர்ந்த அமைலோஸ் கொண்ட இண்டிகா என்ற நெல் வகையில் அப்படியே இருக்கிறது, வெட்டும் ஒட்டும் சுத்தமாக நடக்கிறது, நொதியம் தாராளமாக உருவாகிறது. இதை ஏ வடிவம் என்கிறார்கள். ஜப்பான் பக்கத்து ஜப்போனிக்கா வகையில் அந்த ஜீ, டீயாக மாறியிருக்கிறது. இது பி வடிவம். இயந்திரம் தடுமாறி, ஆர்என்ஏ என்ற அந்த நகல்களில் ஒரு பகுதிதான் சரியாக வெட்டப்படுகிறது. நொதியம் குறைகிறது, அமைலோஸும் குறைகிறது. 1990களில்தான் இது தெளிவானது.

ஒட்டும் அரிசியில் நடந்திருப்பது வேறு. எக்ஸோன் என்பது வெட்டாமல் வைத்துக்கொள்கிற பகுதி. இரண்டாவது எக்ஸோனில் 23 எழுத்துக்கள் இரண்டு தரம் வந்துவிட்டன. எழுத்துக்கள் மும்மூன்றாகத்தான் வாசிக்கப்படும், 23 என்பது மூன்றால் வகுபடாத எண், அதனால் அதற்குப் பிறகு வாசிப்பே குழம்பி நொதியம் உருவாகாமல் போகிறது. பரீட்சைக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

இன்னொன்றும் ஞாபகம் வைத்துக்கொள். நாம் சாப்பிடுகிற பகுதி வித்தகவிழையம், அது மும்மடியம். தாயிடமிருந்து இரண்டு பிரதி, மகரந்தத்திலிருந்து ஒன்று. ஆகவே கலப்புச் செடி ஒன்றின் ஒரே கதிரில் உள்ள நெல்மணிகளுக்குள்ளேயே அமைலோஸ் அளவு மணிக்கு மணி வேறுபடலாம்.

பேராதனை விவசாயபீடம்

டீச்சர் சொன்னதோடு சேர்த்து, குளிரைப் பற்றி நான் சொல்கிறேன். கந்தப்பளைத் தம்பியின் அம்மா சொன்னதை லேசாகத் தள்ளிவிட முடியாது. ஏனென்றால் குளிருக்கும் இந்த மரபணுவுக்கும் உண்மையிலேயே தொடர்பு இருக்கிறது. திசைதான் எதிர்ப்பக்கம்.

பி வடிவத்தில் அந்தத் தடுமாறுகிற வெட்டு வெப்பநிலையைப் பொறுத்தது. பால் பிடித்து மணி முற்றுகிற காலத்தில் குளிராக, 18 பாகை அளவில் இருந்தால் வெட்டு ஓரளவு சரியாக நடக்கிறது. நொதியம் கூடி அமைலோஸ் ஏறுகிறது. சூடாக இருந்தால் இறங்குகிறது. ஜப்பானின் வடக்கே ஹொக்கைடோவில் விளைந்த அரிசி கடினம் என்ற பெயர் நெடுங்காலம் இருந்ததற்கு இந்தக் குளிரே முக்கிய காரணம். அதற்காகவே அங்கே அமைலோஸ் குறைந்த இனங்களைத் தேடி உருவாக்கினார்கள். யுமேபிரிகா என்ற இனம் அப்படி வந்து நல்ல பெயர் எடுத்தது.

நம் நாட்டில் பெரும்பாலும் இருப்பது ஏ வடிவம். அதில் வெட்டு எப்படியும் சுத்தமாகவே நடப்பதால் குளிர் அமைலோஸைப் பெரிதாக அசைக்காது. ஆகவே வலப்பனை அரிசி மெதுவாக இருப்பதற்குக் குளிர் காரணமாக இருக்க வாய்ப்புக் குறைவு. குளிர் வேறொரு நன்மை செய்யும். மணி முற்றும்போது சூடு கூடினால் மாப்பொருள் மணிகள் நெருக்கமாக அடையாமல் இடையில் காற்று நின்றுவிடும். அரிசியின் வயிற்றில் வெள்ளையாகத் தெரிவது அதுதான். அப்படிப்பட்ட அரிசி தீட்டும்போது உடையும். மலைப்பக்க வயலில் அந்தத் தொல்லை குறைய இடமுண்டு.

சித்தியின் அரிசி என்ன இனம், அவித்ததா பச்சையா, அறுத்து எவ்வளவு காலம் என்று கேட்டுச் சொல்ல முடியுமா?

கந்தப்பளைத் தம்பி

கேட்டேன் அக்கா. பக்கத்து ஊர் வயல்காரரிடம் நெல்லாக வாங்கி, பச்சையாகவே சின்ன மில்லில் குத்தியது. போன போகத்து நெல். இனத்தின் பெயர் சித்திக்குத் தெரியாது. அரிசி சிவப்பு, கொஞ்சம் உருண்டை.

மாத்தளை மில்

தம்பி, விஷயம் இங்கேதான் இருக்கிறது. நீங்கள் ஒப்பிடுவது ஒரே மாதிரியான இரண்டு அரிசியை அல்ல.

கடையில் வாங்குகிற நாட்டரிசி அநேகமாகப் புழுங்கல். நெல்லை ஊறவைத்து, உமியோடு அவித்து, காயவைத்த பிறகுதான் தீட்டுகிறோம். அவிக்கும்போதே மாப்பொருள் ஒரு தரம் வெந்து, காயும்போது இறுகிவிடுகிறது. அதனால் அரிசி மில்லில் உடையாது. வயிற்று வெள்ளையும் அவிந்து மறைந்துபோகும். ஆனால் வேக நேரம் எடுக்கும், சோறும் திடமாக வரும். பச்சையாகக் குத்தினது லேசில் வேகும், மெதுவாகவும் இருக்கும்.

அதோடு பழசு புதுசு என்ற வித்தியாசம். புது நெல்லு அரிசி குழையும், ஒட்டும். அதே நெல்லை மாதக்கணக்காகக் களஞ்சியத்தில் போட்டு எடுத்தால் சோறு உதிரியாக வரும், தண்ணியும் கூடக் குடிக்கும். கல்யாண வீட்டுக்குச் சமைக்கிறவர்கள் பழைய அரிசிதான் கேட்பார்கள். மூட்டையின் மேல் பெயரை மட்டும் பார்த்து வாங்கினால் இது எதுவும் தெரியாது. நாடு, சம்பா, கீரி சம்பா என்பதெல்லாம் மணியின் உருவத்தை வைத்துப் பிரித்தது. ஒரே உருவத்தில் வெவ்வேறு இனம் மூட்டைக்குள் கலந்து வரும். அமைலோஸ் எவ்வளவு என்று எங்களிடம் கேட்டவர் யாரும் இல்லை.

டிக்கோயா டீச்சர்

மில்காரர் சொன்னதற்குப் பிறகு இன்னொரு விஷயத்தையும் சேர்க்க வேண்டும். கந்தப்பளை உயரத்தில் தண்ணீர் 100 பாகையில் கொதிக்காது. ஏறத்தாழ 300 மீற்றருக்கு ஒரு பாகை குறையும். நுவரெலியா நகரம் 1,868 மீற்றர், அங்கே 94 பாகைக்குப் பக்கத்திலேயே கொதி வந்துவிடும். ஹட்டனில் 96 அளவில்.

இதுவும் அரிசியின் மரபணுவில் போய் முட்டுகிறது. வாக்ஸிக்குக் கொஞ்சம் தள்ளி, அதே 6ஆவது நிறமூர்த்தத்தில் ஏஎல்கே என்று ஒரு மரபணு இருக்கிறது. அமைலோபெக்டினின் கிளைகள் எவ்வளவு நீளம் என்பதை அது தீர்மானிக்கிறது. நீளம் கூடினால் மாப்பொருள் வேகத் தொடங்கும் வெப்பநிலையும் கூடும். சில அரிசி 70 பாகைக்கும் கீழேயே வேகத் தொடங்கும், சிலதுக்கு 75க்கு மேல் வேண்டும். அப்படிப்பட்ட அரிசியை நம் உயரத்தில் கொழும்பில் ஆக்குகிற நேரத்தில் இறக்கினால் நடுவில் வேகாத கரு நிற்கும். சூடாகச் சாப்பிடும்போது தெரியாது. ஆறியதும் அந்தக் கருதான் பல்லில் கடிபடும்.

ஆகவே தம்பி, உடனே செய்யக்கூடியது: அரிசியை இரவே ஊறப்போடுங்கள். வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடத் தண்ணீர் வைத்து, கொதி அடங்கிய பிறகும் மூடியைத் திறக்காமல் தணலில் விடுங்கள். பிரஷர் குக்கர் இருந்தால் உயரத்தின் குறை அப்படியே தீர்ந்துவிடும்.

பசறை அக்கா

படித்துக்கொண்டே வந்தேன், எழுதாமல் இருக்க முடியவில்லை. மெதுவான அரிசி என்று எல்லோரும் சொல்கிறீர்கள். எங்கள் வீட்டில் சாப்பிடுகிற வாய் அதிகம். நான் கடையில் பார்ப்பது ஒன்றே ஒன்றுதான், அரிசி சோறு காணுமா காணாதா. நாட்டரிசி ஒரு சுண்டு போட்டால் பானை நிறையும். பிள்ளைகளுக்கு ஆசையாக ஒரு தரம் மெல்லிசான பச்சை அரிசி வாங்கினேன், அதே சுண்டுக்கு சோறு காணவில்லை, இரண்டாம் தரம் உலை வைத்தேன். சம்பள நாளுக்கு முந்தின வாரத்தில் மெதுவைப் பார்த்து வாங்க முடியுமா?

எங்கள் பாட்டி காலத்தில் தோட்டத்தில் அரிசி கொடுத்து, சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். கொடுத்ததைத்தான் ஆக்க வேண்டும். அப்புறம் கோதுமை மா வந்தது, ரொட்டியே சாப்பாடு ஆனது. எந்த அரிசி வேண்டும் என்று மலையகத்துப் பெண்களை யாராவது கேட்டிருக்கிறார்களா?

பேராதனை விவசாயபீடம்

அக்கா சொன்ன "சோறு காணும்" என்பதற்கும் காரணம் அமைலோஸ்தான். அமைலோஸ் உயர்ந்த அரிசி தண்ணீரைக் கூட இழுத்து, உதிரியாகப் பெருகும். குறைந்தது அவ்வளவு பெருகாது. ஆகவே குறைந்த அமைலோஸ் அரிசியை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். நம் சமையலுக்கும் அது ஒத்துவராது, குழம்பு ஊற்றினால் களியாகிவிடும். நான் யோசிப்பது நடுத்தரத்தை, 20க்கும் 25க்கும் இடையில். உதிரியாகவும் வரும், ஆறிய பிறகும் வாயில் வைக்க முடியும்.

வாக்ஸி மரபணுவிலேயே அதற்கென்று ஒரு வடிவம் இருக்கிறது. ஆறாவது எக்ஸோனில் ஒரு எழுத்து மாறி, நொதியம் முழு வேகத்தில் வேலை செய்யாமல் அமைலோஸ் நடுவில் நிற்கிறது. நாற்றின் இலையில் ஒரு சின்னத் துண்டை எடுத்து டிஎன்ஏ பார்த்தாலே எந்த வடிவம் என்று சொல்லிவிடலாம். கதிர் வந்து, அறுத்து, சோறாக்கிப் பார்க்கக் காத்திருக்க வேண்டியதில்லை.

பதுளை நர்ஸ்

எல்லோரும் ஒரு பக்கமாகப் போகிறீர்கள், நான் மற்றப் பக்கத்தைச் சொல்ல வேண்டும். என் வேலை நீரிழிவு கிளினிக்கில். வருகிறவர்களில் தோட்டத்து ஆட்கள் நிறையப் பேர். சோறு, ரொட்டி, சீனி போட்ட தேத்தண்ணி, இதைச் சுற்றித்தான் அவர்களுடைய நாள்.

அமைலோஸ் கூடிய அரிசி மெதுவாகச் செரிக்கும், இரத்தத்தில் சீனி நிதானமாக ஏறும். 2011இல் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனமும் ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ ஆராய்ச்சி அமைப்பும் 235 நெல் இனங்களைப் பார்த்து வெளியிட்ட ஆய்வில் கிளைசீமிக் சுட்டெண், அதாவது சாப்பிட்டதும் இரத்தத்தில் சீனி எவ்வளவு ஏறுகிறது என்பதன் அளவு, 48 முதல் 92 வரை இருந்தது, சராசரி 64. அந்த வித்தியாசத்துக்கு முக்கியக் காரணம் என்று அவர்கள் காட்டியது நீங்கள் பேசுகிற இதே வாக்ஸி மரபணுவைத்தான். விறைத்துப்போன சோற்றிலும் ஒரு பங்கு மாப்பொருள் சிறுகுடலில் செரிக்காமல் நார்ச்சத்து மாதிரிக் கடந்துபோகும். மெது மெது என்று அமைலோஸைக் குறைத்துக்கொண்டே போனால் சுமை கிளினிக்கில் வந்து இறங்கும்.

இன்னொன்று, தம்பி. காலைச் சோற்றை அரைச் சூட்டில் மூடிக் கட்ட வேண்டாம். கொதியில் சாகாத ஒரு பக்டீரியா சோற்றில் உண்டு, வெதுவெதுப்பில் மணிக்கணக்காக இருந்தால் பெருகி நஞ்சை விடும். அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. ஒன்று, நல்ல சூட்டில் வெந்நீர்க் குடுவைச் சாப்பாட்டுப் பெட்டியில் அடைத்துக் கொடுங்கள். இல்லையென்றால் பரப்பி நன்றாக ஆறவிட்டுக் கட்டுங்கள்.

கந்தப்பளைத் தம்பி

நர்ஸ் அக்கா, நன்றி. ஆனால் அம்மா சோற்றைக் கொட்டிவிட்டுப் பட்டினியாக மலையில் நிற்கிறார். சீனி மெதுவாக ஏறுகிற சோறு வயிற்றுக்குள் போனால்தானே பயன்?

பதுளை நர்ஸ்

அது நியாயம். சாப்பிடாமல் நிற்பதை நான் ஒருக்காலும் சரி என்று சொல்ல மாட்டேன், அதிலும் மாத்திரை எடுக்கிறவர் என்றால் ஆபத்து. நான் கேட்பது இதுதான்: நடுத்தர அமைலோஸ் என்றால் அங்கேயே நிற்கட்டும், அதற்குக் கீழே இறங்க வேண்டாம். தவிடு நீக்காத சிவப்பு அரிசியாக இருந்தால் இன்னும் நல்லது. கூடவே பருப்பும் ஒரு கீரையும் இருந்தால் சோற்றின் அளவைக் குறைத்தாலும் பசி தாங்கும்.

வெலிமடை வயல்

நான் வயல் செய்கிறவன். பெரும்போகத்தில் நெல், சிறுபோகத்தில் அதே வயலில் உருளைக்கிழங்கு. இந்தப் பக்கம் எல்லோரும் அப்படித்தான்.

விதை நெல் எடுக்கப் போனால் நாங்கள் கேட்பது மூன்று. எத்தனை மாத நெல், ஏக்கருக்கு எத்தனை புசல், எரிபந்த நோய்க்குத் தாங்குமா. குளிரும் பனியும் உள்ள இடத்தில் எரிபந்தம் வந்தால் கதிர்க் கழுத்தே கருகி வெறும் பதராகிவிடும். மூன்று மாத நெல் எங்கள் குளிருக்கு மூன்று மாதத்தில் விளையாது, இழுக்கும். கிழங்கு போட நாள் பிந்தினால் அந்த வருமானமே போய்விடும். இதற்கு நடுவில் சோறு மெதுவாக இருக்குமா என்று கேட்க எனக்கு எங்கே இடம்?

ஆனால் இதையும் சொல்ல வேண்டும். வீட்டுக்கென்று ஒரு பாத்தியில் தனியாக விதைக்கிற நெல்லுக்கு நாங்கள் அந்த மூன்று கேள்வியையும் கேட்பதில்லை. அதை வாயை வைத்துத்தான் தேர்ந்தெடுக்கிறோம். பச்சைப்பெருமாள், மடத்தவாலு, சுவந்தெல் என்று பழைய இனங்கள் இன்னும் சில கைகளில் தங்கியிருப்பது அதனால்தான். விற்கிற நெல்லுக்கு அந்த மரியாதை இல்லை. மில்லுக்குப் போனால் எல்லாம் ஒரே குவியல், ஒரே விலை. மெதுவான நெல்லுக்கு ஒரு ரூபாய் கூடக் கொடுப்பார்கள் என்றால் நான் நாளைக்கே மாறுவேன்.

பேராதனை விவசாயபீடம்

அண்ணன் சொன்னதுதான் முழுப் பிரச்சினையின் முடிச்சு. பத்தலகொடையில் உள்ள நெல் ஆராய்ச்சி நிலையம் புது இனம் விடும்போது அமைலோஸ், வேகும் வெப்பநிலை, தீட்டும்போது எவ்வளவு முழு அரிசி கிடைக்கிறது என்பதையெல்லாம் அளக்கிறார்கள். அளவு இருக்கிறது. அது விதைப் பையிலிருந்து வயலுக்கும், வயலிலிருந்து மில்லுக்கும், மில்லிலிருந்து அரிசி மூட்டைக்கும் வந்து சேராமல் வழியிலேயே விழுந்துவிடுகிறது. வயல் சொந்தமாக இல்லாமல் ஒவ்வொரு மணி அரிசியையும் காசு கொடுத்து வாங்குகிற தோட்டத்து மக்களுக்குத்தான் அந்தத் தகவல் அதிகம் தேவை. விளைவிக்கிறவருக்கு வீட்டுப் பாத்தி இருக்கிறது. வாங்குகிறவருக்கு மூட்டையில் எழுதியிருப்பது மட்டுமே.

என் கருத்தைத் திறந்தே சொல்கிறேன். மலையகத்துக்கு ஏற்ற நெல் என்று தேடும்போது குளிர் தாங்குமா, நோய் தாங்குமா என்பதோடு ஆறிய பிறகு சோறு எப்படி இருக்கிறது என்பதையும் பரிசோதனையில் சேர்க்க வேண்டும். சமைத்து நாலைந்து மணி நேரம் குளிரில் வைத்து, அதைச் சாப்பிடுகிறவர்களையே கூப்பிட்டுச் சாப்பிடவைத்துக் கேட்க வேண்டும். இப்போது சுவை பார்ப்பது பெரும்பாலும் சுடச்சுடத்தான்.

தலவாக்கலை உயர்தரம்

அக்கா, மரபணுத் திருத்தத்தால் இதைச் சுலபமாகச் செய்ய முடியாதா? மரபணுவை வெட்டித் திருத்துகிற கிறிஸ்பர் முறை பற்றிப் படித்தோம்.

பேராதனை விவசாயபீடம்

முடியும். சீனாவில் வாக்ஸி மரபணுவுக்கு முன்னால் உள்ள கட்டுப்பாட்டுப் பகுதியில் சின்னச் சின்ன வெட்டுக்கள் செய்து அமைலோஸை வெவ்வேறு படிக்கு இறக்கிக் காட்டியிருக்கிறார்கள். மரபணுவையே உடைத்தால் ஒட்டும் அரிசிதான் வரும், முன்பகுதியைத் தொட்டால் நடுவில் நிறுத்த முடிகிறது. இந்தியாவில் 2025 மே மாதம் மரபணுத் திருத்தம் செய்த இரண்டு நெல் இனங்களை அறிவித்தார்கள். அதில் கமலா என்பது சம்பா மசூரியிலிருந்து வந்தது. அது விளைச்சலுக்காகச் செய்தது, மாப்பொருளுக்காக அல்ல.

வெலிமடை வயல்

தங்கச்சி, அதற்கு முன் கன்னொறுவை விதை வங்கியில் இருக்கிற பழைய நெல்லில் தேடிப் பாருங்கள். எங்கள் முன்னோர் வாயில் வைத்துத் தேர்ந்த நெல் அங்கே இருக்கிறது. அதில் எதுவுமே நடுத்தரத்தில் நிற்காது என்று நான் நம்பவில்லை. வெளியிலிருந்து வருகிற விதையை ஒவ்வொரு போகமும் காசு கொடுத்து வாங்க வேண்டிவந்தால் அது எங்களால் தாங்காது.

பேராதனை விவசாயபீடம்

அண்ணன், அதில் நான் உங்கள் பக்கம்தான். கன்னொறுவையில் உள்ளவற்றை முதலில் அலச வேண்டும், இலை டிஎன்ஏ சோதனைக்கு அவையே நல்ல தொடக்கம். நடுத்தர வடிவம் அங்கே கிடைத்தால் நம் இனத்தோடு வழக்கமான கலப்பே போதும். கலந்து, நாற்றிலேயே வடிகட்டி, திரும்பத் திரும்பத் தாய் இனத்தோடு சேர்த்தால் புசலும் குறையாது. சாதாரண விதை நெல் என்பதால் நீங்களே எடுத்து வைத்து விதைக்கலாம். அங்கே கிடைக்காவிட்டால் மட்டும் மற்றதை யோசிக்கலாம்.

பசறை அக்கா

இதெல்லாம் நடக்கிறவரைக்கும் கடையில் எதைப் பார்த்து வாங்குவது? வீட்டில் வைத்துச் சோதிக்க வழி ஏதாவது இருக்கிறதா?

டிக்கோயா டீச்சர்

அக்கா, வீட்டுக்கு ஒன்று, பள்ளிக்கூடத்துக்கு இரண்டு சொல்கிறேன்.

வீட்டில்: புது அரிசி வாங்கும்போது அரைச் சுண்டு மட்டும் வாங்குங்கள். வழக்கமான அரிசியையும் புதியதையும் ஒரே அளவு தண்ணீரில் பக்கத்துப் பக்கத்து அடுப்பில் ஆக்கி, மூடி வைத்து, பகலில் இரண்டையும் விரலுக்கு நடுவில் நசுக்கிப் பாருங்கள். எந்த இயந்திரமும் சொல்லாததை அது சொல்லும்.

பள்ளிக்கூடத்தில் முதலாவது அயடீன். அரிசியைக் குறுக்கே வெட்டி அந்த முகத்தில் ஒரு துளி விட்டால், அமைலோஸ் உள்ளது கருநீலமாகும், அறவே இல்லாத ஒட்டும் அரிசி செம்பழுப்பாகும். ஆனால் உயர்ந்ததையும் நடுத்தரத்தையும் இதனால் கண்ணால் பிரிக்க முடியாது.

இரண்டாவதுதான் எனக்குப் பிடித்தது, ஏஎல்கே மரபணுவின் வேலையைக் கண்ணால் காட்டும். ஒரு சிறிய தட்டில் தீட்டிய, உடையாத 6 பச்சை அரிசி, அதன் மேல் 1.7 சதவீதப் பொட்டாசியம் ஐதரொட்சைட்டுக் கரைசல், 30 பாகையில் 23 மணி நேரம் ஆடாமல் வைக்க வேண்டும். கடினமாக வேகும் அரிசி அப்படியே கிடக்கும், அல்லது கொஞ்சம் வீங்கும். நடுத்தரமானது விரிந்து சுற்றிலும் வெள்ளையாக ஒரு வளையம் கட்டும். லேசில் வேகிறது பஞ்சாகப் பிரிந்து கடைசியில் கரைந்தே போய்விடும். 1 முதல் 7 வரை புள்ளி கொடுப்பார்கள். புழுங்கலில் இந்தச் சோதனை சரிவராது, அது ஏற்கனவே வெந்தது.

தலவாக்கலை உயர்தரம்

டீச்சர், எங்கள் ஆய்வுகூடத்தில் 30 பாகை வருவதற்கு வழியே இல்லை. டிசம்பரில் 15க்கும் கீழே போகும். சோதனை பிழைக்குமா?

டிக்கோயா டீச்சர்

குளிரில் விரிவது குறைவாகத்தான் இருக்கும், ஆகவே புத்தகத்தில் உள்ள புள்ளியோடு உங்களுடையதை ஒப்பிட வேண்டாம். ஒரே மாதிரித் தட்டு, ஒரே கரைசல், ஒரே இரவு என்று எல்லா அரிசியையும் ஒன்றாக வைத்து, ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். ஒரு தட்டில் பாஸ்மதியையும் வையுங்கள், தெரிந்த ஒன்று பக்கத்தில் இருந்தால் மற்றவற்றைக் கணிக்கலாம். முடிந்தால் தண்ணீர்த் தொட்டிச் சூடாக்கியை 30இல் வைத்து அதற்குள் தட்டுகளை இறக்குங்கள். கரைசலைக் கையுறையோடு ஆசிரியர் முன்னால்தான் தயாரிக்க வேண்டும், தோலையும் கண்ணையும் எரிக்கும்.

வெலிமடை வயல்

தம்பிமாரே, என்னிடம் வீட்டு நெல்லும் விற்கிற நெல்லும் இருக்கிறது. இரண்டையும் பச்சையாகக் குத்தி ஆளுக்கு ஒரு பொட்டலம் பஸ்ஸில் கொடுத்து அனுப்புகிறேன். கந்தப்பளைத் தம்பி, சித்தியின் அரிசியிலும் ஒரு கைப்பிடி தலவாக்கலைக்கு அனுப்பிவிடுங்கள், மூன்றையும் ஒரே இரவில் பார்க்கட்டும்.

தலவாக்கலை உயர்தரம்

நன்றி ஐயா. கடை நாட்டரிசியில் பச்சையாகக் கிடைத்தால் அதையும் சேர்த்து நான்காக வைக்கிறேன். படத்தோடு இங்கேயே போடுகிறேன்.